நடுக்கால் நிற்கிறதா, தொங்குகிறதா? ஓட்டுக் கிடங்கின் கீழ் விட்டத்தை அறுக்கலாமா?

கொப்பரைக்களம்

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தாத்தா காலத்துத் தேங்காய்க் கிடங்கு ஒன்று பாகப்பிரிவினையில் எங்களுக்கு வந்திருக்கிறது. அகலம் 20 அடி, நீளம் 50 அடி. சுவர் 11 அடி உயரம், ஒன்றரை அடி கனம், மண் சாந்து. மேலே சீமை ஓடு. 10 அடிக்கு ஒன்றாக நான்கு மர ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம். இரண்டு சாய்வு மரங்கள் முகட்டில் சேர்கின்றன. கீழே சுவருக்குச் சுவர் ஒரு விட்டம். முகட்டுக்கும் விட்டத்தின் நடுவுக்கும் இடையே ஒரு கால். அந்தக் காலின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக மேலே போகும் இரண்டு முட்டு. தேக்கு என்று அப்பா சொல்வார். தட்டிப் பார்த்தால் கணீரென்றுதான் இருக்கிறது.

இதை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றப் போகிறோம். தரையிலிருந்து 8 அடியில் பரண் போட்டு அதன் மேல் படுக்கை என்பது திட்டம். அங்கேதான் சிக்கல். பரணில் ஏறி நின்றால் கீழ் விட்டம் வயிற்றுக்கு நேராகக் குறுக்கே ஓடுகிறது. வேலைக்கு வந்த ஆசாரி, "நடுக்கால் நிக்கிறதுக்குத்தான் கீழ விட்டம். காலை எடுத்துட்டா விட்டத்துக்கு வேலையே இல்ல. மேல பாதி உயரத்துல ஒரு குறுக்குச் சட்டம் அடிச்சுக்கலாம்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ரம்பத்தை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

தூக்குக்குண்டு

அறுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் ஆசாரி சொன்னதில் முதல் வாக்கியமே தலைகீழ். அந்த நடுக்கால் விட்டத்தின் மேல் நிற்கவில்லை. முகட்டிலிருந்து தொங்குகிறது. விட்டம் அதைத் தாங்கவில்லை, அதுதான் விட்டத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இந்த வகைக்குப் பெயர் கிங் போஸ்ட் ட்ரஸ்.

இரண்டு சீட்டுகளை மேசைமேல் கூடாரம்போல் சாய்த்து வைத்துப் பாருங்கள். உச்சியில் விரலால் அழுத்தினால் இரண்டின் அடியும் வெளியே வழுக்கும். கூரையும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. ஓட்டின் பாரம் சாய்வு மரங்கள் வழியாக இறங்கும்போது சுவரைக் கீழே அமுக்குவதோடு நிற்காது, வெளியேயும் தள்ளும். அந்த இரண்டு அடிகளையும் சேர்த்துக் கட்டும் கயிறுதான் கீழ் விட்டம். அது விட்டம் என்ற பெயரில் இருக்கும் கயிறு.

சரி, கயிறு என்றால் நடுக்கால் எதற்கு? 20 அடி நீள மரம் தன் எடைக்கே நடுவில் தொய்யும். அதை முகட்டிலிருந்து பிடித்துத் தூக்க ஒன்று வேண்டும். இது முதல் வேலை. சாய்வு மரமும் பாதி வழியில் ஓட்டின் பாரத்தால் தொய்யும். அதற்கு அடியில் முட்டு கொடுத்திருக்கிறார்கள். முட்டின் கீழ் முனை எங்கே உதைக்கிறது? நடுக்காலின் அடியில். அந்த உதையையும் நடுக்கால்தான் மேலே முகட்டுக்கு ஏற்றுகிறது. இது இரண்டாவது. இரண்டிலும் அது இழுபடுகிறது, அமுங்கவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் ஏணி போட்டு ஏறி மூன்று விஷயங்கள் பாருங்கள். நடுக்காலின் தலை ஆப்புபோல் அகன்று, இரண்டு சாய்வு மரங்களுக்கு நடுவே கவ்வப்பட்டிருக்கிறதா? அடியில் ஒரு இரும்புப் பட்டை விட்டத்தின் கீழாகச் சுற்றி, நடுக்காலின் இரண்டு பக்கமும் ஏறிப் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கிறதா? கடைசியாக, நடுக்காலின் அடிக்கும் விட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நல்ல வேலையாக இருந்தால் நுழையும்.

மூணுதலைமுறைஉளி

நான் நாகர்கோவில். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக உளிதான். ஆசாரியைத் திட்டாதீர்கள் ஐயா, அவர் தப்பு சொல்லவில்லை, வேறொரு கூரையைச் சொல்கிறார்.

நம் ஊர்ப் பழைய வேலையில் உத்தரத்தின் மேல் குட்டையாக ஒரு கால் நிறுத்தி, அதன் மேல் முகட்டு மரத்தை ஏற்றுவோம். அதற்குக் குத்துக்கால் என்று பெயர். அது உண்மையாகவே நிற்கும் கால். பாரம் முழுவதும் அதன் வழியே உத்தரத்தின் நடுவில் இறங்கும். அதனால்தான் பழைய வீடுகளில் உத்தரம் ஆள் கட்டிப்பிடிக்கும் கனத்தில் இருக்கும். வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்துப் போடுவார்கள். கிங் போஸ்டைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அதுவும் குத்துக்கால் மாதிரியே தெரியும். கீழே இருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது.

வித்தியாசத்தை விட்டத்தின் கனத்தில் பார்க்கலாம். உங்கள் விட்டம் எவ்வளவு கனம்? 4க்கு 6 அங்குலம், 5க்கு 7 அங்குலம் என்றால் அது கயிறு வேலைதான் செய்கிறது. 20 அடிக்கு அந்தக் கனத்தில் ஒரு மரத்தைப் போட்டு, நடுவில் குத்துக்கால் நிறுத்தி, அதன்மேல் ஓட்டுப் பாரத்தை வைத்தால் தொட்டில்மாதிரி வளைந்திருக்கும்.

கொப்பரைக்களம்

அளந்தேன். 4க்கு 6 அங்குலம்தான்.

தோட்டத்துவீடு

இதெல்லாம் என்ஜினியர்கள் பயமுறுத்துவது. எங்கள் வீடு 100 வருடத்துக்கு மேலாக நிற்கிறது. பனங்கையும் நாட்டு ஓடும். குறுக்கே விட்டமும் கிடையாது, ட்ரஸும் கிடையாது. சுவர் ஒரு அங்குலம் சாயவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தூக்குக்குண்டு

உங்கள் வீட்டு முகட்டின் அடியில் நீளவாக்கில் கனமான மரம் ஒன்று ஓடும். அதன் இரண்டு நுனியும் முக்கோணச் சுவரிலோ தூணிலோ உட்கார்ந்திருக்கும். நான் பார்க்காமலே சொல்கிறேன், இல்லையென்றால் திருத்துங்கள்.

அங்கே பனங்கைகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கவில்லை. கொடிக்கயிற்றில் போட்ட வேட்டிபோல முகட்டு மரத்தின் மேல் கிடக்கின்றன. முகடு கீழே இறங்கினால்தான் அடி வெளியே தள்ளும். முகட்டை ஒரு மரம் தாங்கிக்கொண்டால் தள்ளுவதே கிடையாது. கொப்பரைக்களம் கிடங்கில் அப்படித் தாங்கும் முகட்டு மரமும் இல்லை, நடுவில் தூணும் இல்லை. மூட்டைகளை அடுக்கத் தூண் இல்லாத தரை வேண்டும் என்றுதானே ட்ரஸ் போட்டார்கள்.

எண்ணோடு சொல்கிறேன். சீமை ஓடு, அது உட்காரும் மெல்லிய சட்டங்களான ரீப்பரோடு சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. ஒரு ட்ரஸ் சுமக்கும் சாய்வுப் பரப்பு ஏறக்குறைய 21 சதுர மீட்டர். மற்ற மரங்களின் எடையையும் சேர்த்து 1,600 கிலோ என்று வைப்போம். சாய்வு 30 டிகிரி. வெறும் இரண்டு சாய்வு மரம் மட்டும் இருந்தால் ஒவ்வொரு சுவரின் தலையையும் வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 700 கிலோ. எடையை அப்படியே வைத்துச் சாய்வை மட்டும் மாற்றினால் 45 டிகிரியில் இது 400 ஆகும், 20 டிகிரியில் 1,100 ஆகும். கூரை படுக்கப் படுக்கத் தள்ளல் கூடும்.

இந்த 700 கிலோவைச் சுவர் தாங்குமா? பத்தடி நீளச் சுவர்த் துண்டை எடுங்கள். 10 × 11 × 1.5 அடி, கன அடிக்கு 50 கிலோ வீதம் 8,250 கிலோ. கூரையிலிருந்து இறங்கும் 800 கிலோவையும் சேர்த்தால் சுமார் 9,000. இது சுவரைக் கவிழாமல் பிடிப்பது அதன் பாதிக் கனமான முக்கால் அடி நெம்பில். 9,000 × 0.75 = 6,750. கவிழ்ப்பது 700 × 11 = 7,700. ஒன்றரை அடிச் சுவரும் தோற்கிறது. குறுக்குச் சுவர் இருந்தால் கொஞ்சம் காப்பாற்றும். 50 அடிக் கிடங்கில் குறுக்குச் சுவர் ஏது?

தோட்டத்துவீடு

முகட்டு மரம் இருக்கிறது. நடுவில் ஒரு கல்தூணும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

முகட்டுவளை

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில் 14 வருஷமா வீடு கட்டும் வேலை. எங்கட ஊரிலும் முகட்டு வளையை நம்பித்தான் வீடு. இங்கே வந்த பிறகுதான் ட்ரஸ் என்ற சாமானைத் தொட்டேன்.

இங்கே உளியும் இல்லை, ஆப்பும் இல்லை. 2க்கு 4 அங்குல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகைகளைத் தொழிற்சாலையில் W வடிவில் அடுக்கி, ஒவ்வொரு மூட்டிலும் பல்லுப் பல்லாக இருக்கும் இரும்புத் தகட்டை இரண்டு பக்கமும் வைத்து எந்திரத்தால் அமுக்கி விடுவார்கள். 1950களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தொடங்கிய முறை. லொறியில் வந்து இறங்கும், 24 அங்குலத்துக்கு ஒன்று என்று வரிசையாக நிறுத்திக்கொண்டு போவோம். இந்த W வடிவத்தை ஃபிங்க் ட்ரஸ் என்பார்கள். அல்பேர்ட் ஃபிங்க் என்ற ரயில்வேப் பொறியாளர் 1854இல் பாலத்துக்காக எடுத்த காப்புரிமையின் வழியில் வந்த பெயர்.

முழு நீளத்திலும் பார்க்க ஒல்லியாக இருக்கும், ஆனால் 30 அடி சும்மா கடக்கும். காரணம் ஒன்றுதான். சாய்வு மரத்தையும் கீழ் மரத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துத் தாங்குவதால் எந்தத் துண்டும் அதிகம் வளைய வேண்டியதில்லை. இழுபடும், அல்லது அமுங்கும், அவ்வளவுதான். மரத்துக்கு வளைவதை விட அது லேசு.

ஆனால் குழாய் போடுகிறவன் ஒருத்தன் வருவான். காற்றுக் குழாய்க்கு இடைஞ்சல் என்று நடுவில் ஒரு பலகையை வாளால் அறுத்துவிட்டுப் போவான். அந்த ஆண்டு பனி விழும்போது மேல்மாடிச் சீலிங்கில் கீறல் ஓடும். நான் மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். அண்ணை, அறுக்காதேங்கோ.

கொப்பரைக்களம்

அறுக்கவில்லை, அறுக்கவில்லை! ஆசாரியிடமிருந்து ரம்பத்தை வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஆசாரி சொன்ன மாதிரி பாதி உயரத்தில் குறுக்குச் சட்டம் போடுவது பல வீடுகளில் பார்த்திருக்கிறேனே, அதுவும் கயிறுதானே?

தூக்குக்குண்டு

கயிறுதான், ஆனால் தப்பான இடத்தில் கட்டிய கயிறு. இரட்டை ஏணியைக் கட்டுவதை நினையுங்கள். கால் அடியில் கட்டினால் சின்னக் கயிறு போதும். மேலே கட்டக் கட்டக் கயிற்றில் இழுப்பு கூடும், ஏணியின் கால்களும் கயிற்றுக்குக் கீழே வெளியே வளையப் பார்க்கும். உங்கள் கணக்கில் பாதி உயரத்துக்கு ஏற்றி, நடுக்காலையும் முட்டுகளையும் எடுத்துவிட்டால் இழுப்பு 700லிருந்து 1,400 கிலோவாகும். அதோடு சாய்வு மரம் வளைவையும் தாங்க வேண்டும். 10, 12 அடி அகலத்துக்கு அது பழகிய வேலை. பாடப்புத்தகங்கள் அதிகபட்சம் 5 மீட்டர் வரை சொல்கின்றன. உங்களுடையது 6 மீட்டருக்கு மேல். கிங் போஸ்டின் சரியான எல்லை அது, 5லிருந்து 8 மீட்டர்.

மரவாசனை

பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். பரண்தான் முக்கியம் என்றால் அதற்கென்றே பிறந்தது குவீன் போஸ்ட். நடுவில் ஒரு காலுக்குப் பதில் தள்ளித் தள்ளி இரண்டு கால். இரண்டின் தலைகளுக்கும் நடுவே ஒரு மரம் அமுங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஆள் நடமாடும் அறை கிடைக்கும். ஆனால் அதன் நடுப்பகுதி நாற்கோணம், முக்கோணம் இல்லை. முக்கோணத்தின் மூலைகளை ஆணியால் தளர்வாக அடித்தாலும் வடிவம் மாறாது. நாற்கோணம் சாய்ந்துவிடும். ஒரு பக்கம் காற்று அடித்தால் அந்தச் சாய்வைக் கீழ் விட்டமே வளைந்து தாங்கியாக வேண்டும். 8 மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால்தான் அதைப் பார்ப்பார்கள். இதிலும் கீழ் விட்டம் போகாது என்பதைக் கவனிக்கவும்.

கீழ் விட்டமே இல்லாமல் பெரிய அகலத்தைக் கடக்க முடியாதா என்று தச்சர்கள் யோசிக்காமல் இல்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் அப்படிப்பட்டது. இரண்டாம் ரிச்சர்ட் மன்னனுக்காக ஹ்யூ ஹெர்லாண்ட் என்ற தச்சர் 1390களில் போட்ட ஓக் கூரை. 68 அடி அகலம், நடுவில் தூண் இல்லை, குறுக்கு விட்டமும் இல்லை. சுவரிலிருந்து குட்டையான விட்டங்கள் கைபோல நீட்டிக்கொண்டு நிற்கும், அவற்றின் நுனியிலிருந்து அடுத்த கால் எழும்பும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய வளைவு கீழே சுவருக்குள் இறங்கும். பாரம் உண்மையில் வளைவு வழியாகப் போகிறதா, அந்தக் கைகள் வழியாகப் போகிறதா என்று பொறியாளர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் சண்டை போட்டார்கள். தள்ளலை மட்டும் யாராலும் மாயமாக்க முடியவில்லை. அதற்குத்தான் கனமான சுவரும் வெளியே முட்டுச் சுவர்களும்.

தேவாலயங்களில் கத்தரிக்கோல்மாதிரி ஒரு வகையும் இருக்கும். கீழ் விட்டத்தை இரண்டாக்கி எதிரும் புதிருமாக மேலே ஏற்றிவிடுவார்கள். கூடம் உயரமாகத் தெரியும். மூட்டுகளில் விசை எகிறும். புதிதாகக் கட்டுவதென்றால் சரி, நிற்கிற ட்ரஸை அப்படி மாற்ற நினைக்க வேண்டாம்.

பழமையில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு துணுக்கு. எகிப்தில் சினாய் மலையடியில் இருக்கும் புனித கத்தரீன் மடத்தின் கூரை ஆறாம் நூற்றாண்டு மரம். ட்ரஸ் விட்டங்களில் ஜஸ்டினியன் பேரரசரையும் மறைந்த பேரரசி தியோடோராவையும் குறிப்பிட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். தியோடோரா இறந்தது 548, ஜஸ்டினியன் இறந்தது 565. ஆகவே கூரை இரண்டுக்கும் நடுவில் போட்டது. பாலைவனத்தில் கரையானும் மழையும் குறைவு, மரம் 1,400 வருடத்துக்கு மேல் கிடக்கிறது.

மூணுதலைமுறைஉளி

கரையான் என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி, விட்டத்தின் இரண்டு நுனியும் சுவருக்குள் புதைந்திருக்கிறதா? அங்கே நடுப்பகுதியை விட நூறு மடங்கு கவனம் வேண்டும். வேலை எல்லாம் அந்த மூட்டில்தான். சாய்வு மரம் விட்டத்தில் வெட்டிய காடியில் உதைத்துக்கொண்டு நிற்கும். காடிக்கு அந்தப் பக்கம் மீதி இருக்கும் முக்கால் அடி மரம்தான் அந்த உதையை வாங்குகிறது. அது உளுத்தால் துண்டாக வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் கயிற்றின் முடிச்சு அவிழ்ந்த கதை.

மரத்தின் குறையே இதுதான். நீளவாக்கில் இழுத்தால் மரம் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் இழுபடும் இரண்டு மரத்தை எப்படிச் சேர்ப்பது? நாக்கும் துளையும் போட்டு முளை அடித்தால், முளைக்குப் பின்னால் இருக்கும் மரம் பிளந்துகொண்டு வரும். அமுங்கும் மூட்டுக்கு நாக்கும் துளையும் போதும். இழுபடும் மூட்டுக்கு இரும்பைக் கூப்பிட வேண்டும். உங்கள் நடுக்கால் அடியில் பட்டை போட்டதும் அதனால்தான். பட்டையைப் பார்த்தீர்களா, சொல்லவே இல்லையே?

சுவரை நுனியில் கொஞ்சம் தோண்டி, திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

கொப்பரைக்களம்

இன்று முழுவதும் ஏணியில்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

நடுக்காலின் தலை நாகத்தின் படம்மாதிரி அகன்றிருக்கிறது. பட்டை நான்கு ட்ரஸிலும் இருக்கிறது. காகிதச் சோதனைக்கு அப்பாவின் பழைய தபால் கார்டு ஒன்றை எடுத்துப் போனேன். மூன்றில் சரக்கென்று மறுபக்கம் வந்துவிட்டது. ஆசாரியை மேலே கூப்பிட்டு அவர் கையாலேயே நுழைக்கச் சொன்னேன். இரண்டு தடவை நுழைத்துப் பார்த்துவிட்டு, "நிக்கவே இல்லியே சார் இது" என்றார். அதன்பிறகு அவர்தான் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நான்காவதில் கார்டு நுழையவில்லை. மேற்குப் பக்கம் கடைசி ட்ரஸ். அதன் நுனியைத் தோண்டினால், உளி சொன்னது அப்படியே. மழைத்தண்ணீர் இறங்கும் பக்கம். திருப்புளி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வெளிச் சுவரில் அந்த இடத்துக்கு நேராக ஒரு வெடிப்பு இருப்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். பல வருடமாகச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள்.

தூக்குக்குண்டு

இன்றைக்கே அந்த ட்ரஸின் இரண்டு சாய்வு மரங்களுக்கும் அடியில், விட்டத்துக்கும் அடியில் முட்டு கொடுத்து நிறுத்துங்கள். ஓட்டை அந்தப் பகுதியில் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. உள்ளூரில் ஒரு கட்டுமானப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள், இங்கே எழுதுவதை வைத்து மட்டும் வேலை தொடங்க வேண்டாம்.

பொதுவான வழி இது. உளுத்த நுனியை நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் உலர்ந்த தேக்குத் துண்டை இணைத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்குவது. அந்த மூட்டு ஒரு டன் இழுப்பைத் தாங்க வேண்டும், முட்டுகளும் சேர்ந்த முழு ட்ரஸில் விட்டத்தின் விசை அவ்வளவு வரும். போல்ட் எத்தனை, எவ்வளவு தள்ளி என்பதை அவர் கணக்குப் போடட்டும்.

மூணுதலைமுறைஉளி

புது நுனியைச் சுவருக்குள் வைக்கும்போது சுற்றிலும் விரல் கடை இடைவெளி விடச் சொல்லுங்கள். சாந்தை அப்பி மூடினால் மரம் மூச்சு முட்டி மறுபடி உளுக்கும். அடியில் ஒரு கருங்கல் பலகை.

தோட்டத்துவீடு

இவ்வளவு செலவுக்குப் பேசாமல் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் பாரமே இருக்காதே?

தூக்குக்குண்டு

பாரம் குறையும், உண்மை. ஆனால் ஓட்டின் பாரம்தான் காற்றில் கூரையைப் பிடித்து வைத்திருக்கிறது. தகரம் போட்டால் காற்று மேலே தூக்கும்போது எல்லா விசையும் திசை மாறும். இழுபட்ட விட்டம் அமுங்கும், அமுங்கிய சாய்வு மரம் இழுபடும். இழுப்புக்கென்று செய்யாத மூட்டெல்லாம் அப்போது கழன்றுகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் தகரக் கூரைகள் எங்கே கிடந்தன என்று பார்த்திருப்பீர்கள். தகரம் போடலாம், ஆனால் ட்ரஸைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டிய பிறகு.

கொப்பரைக்களம்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மேற்கு நுனி மாற்றியாகிவிட்டது, பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓடு அப்படியே.

பரண் முழு நீளத்துக்கும் வேண்டாம் என்று முடிவு. கிழக்குக் கோடியில் முக்கோணச் சுவருக்கும் முதல் ட்ரஸுக்கும் நடுவே உள்ள 10 அடியில் மட்டும், தனியாக நான்கு கால் நிறுத்தி, சுவரையோ ட்ரஸையோ தொடாமல் போட்டிருக்கிறோம். பரண் தரையிலிருந்து விட்டம் சரியாக 3 அடி உயரத்தில், பரணின் விளிம்பில் வருகிறது. கைப்பிடிக்கு அளவெடுக்க வந்த ஆசாரி அதன்மேல் கையை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன கைப்பிடி சார்" என்றார். விட்டத்தின் மேல் எதையும் அடிக்கவில்லை. குழந்தைகள் விழாமலிருக்க அதற்குக் கீழே, பரணின் காலோடு சேர்த்து, கயிற்று வலை மட்டும்.

நான்காவது ட்ரஸில் இப்போது கார்டு நுழைகிறது.